நம்பாத பக்கத்துக்குப் பேசியவன்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் சாயங்கால ரயிலில் மருதமுத்து என் எதிரில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்புப் பெட்டி. அவன் மடியில் மஞ்சள் கரை போட்ட புதுத் துண்டு ஒன்று இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் கூட்டத்தார் அதை அவன் தோளில் போர்த்திக் கைதட்டியிருந்தார்கள். அவன் அதைத் தோளில் விட்டுவைக்கவில்லை. நாலாக மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், யாரோ கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமானைப்போல.

அவன் மனைவி செல்லாயி எங்களோடு உட்காரவில்லை. நாலு பலகை தள்ளி, ஜன்னலோரம் இருந்தாள். வரிசை வரிசையாக ஓடிய கித்தா என்கிற ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பெட்டிக்குள் ஒரு மலாய்க்காரக் கிழவி டுரியான் பழக் கூடையோடு ஏறியிருந்தாள். அந்த வாசனையும் கரிப்புகையும் கலந்து மூக்கில் ஏறின.

"எப்படிடா பேசுனேன்?" என்றான் மருது.

பேச்சுச் சங்கத்துத் தலைவன் நான். என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"குரல் நல்லா நின்னுச்சு. நடுவுல கைய ரொம்ப ஆட்டுன. அடுத்த தடவ கொறச்சுக்க."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "சரி" என்றான். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை மடித்த துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான்.

நான் வாழ்நாளில் எத்தனையோ தடவை முட்டாள்தனமாகப் பேசியிருக்கிறேன். அதில் முதல் இடம் இதற்குத்தான். ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சும்மா இருந்தவன் தலைவரானான்

அம்பாங் ஈயக் குழியில் காலில் வெட்டுப்பட்டு, புண் ஆறாமல், வேலை போனதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தக் காலை இழுத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்த இடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ். மருதமுத்து அங்கே ரயில் பாதைக் கூலியாக இருந்தான்.

நாங்கள் இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் எனக்கு வாந்தி நிற்கவில்லை. மூன்று நாள் என் பங்குச் சோற்றையும் சேர்த்து மருதுதான் சாப்பிட்டான். அதை ஒளிக்காமல் என்னிடமே வந்து சொன்னான். "வீணாப் போவுதேன்னு தின்னுட்டேன். கோவிச்சுக்காத." அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. அதை ஒட்டிய சாய்ப்பில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தான். வெள்ளச்சி, சிவப்பி என்று இரண்டு மாடுகள். இரண்டும் செல்லாயியுடையவை. அவள் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். காலையில் பால் கறந்து பிரிக்பீல்ட்ஸ் வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள். மாட்டோடு ஓயாமல் பேசுவாள். நான் சாய்ப்பில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே, முந்தின நாள் நடந்ததெல்லாம் வெள்ளச்சிக்குத் தெரிந்திருக்கும்.

அங்கே அய்யாவு என்பவர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திய பிறகு அதற்குள்தான் எங்கள் பேச்சுச் சங்கம் கூடும். பத்துப் பேர் இருப்போம். எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவர், சலவைக்காரர், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், இப்படி.

இவர்களுக்கெல்லாம் மேடைப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். சங்கத்தை ஆரம்பித்தவர் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவர். அவர் சொன்ன காரணம் இதுதான்: பத்துப் பேர் முன்னால் பத்து வாக்கியம் பேசத் தெரிந்தவன், மண்டோர் முன்னால் நின்று ஒரு நாள் லீவு கேட்கவும் தெரிந்துகொள்வான். மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் லீவு கேட்கப் பயந்து, காய்ச்சலோடு தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள் எங்களில் நாலு பேர் இருந்தார்கள்.

அந்தக் கிராணியை ஈப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். யார் அதை எடுத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அய்யாவு என்னைக் காட்டினார்.

"சாமிக்கண்ணு எடுத்துக்கட்டும்."

"எனக்கு மூணாங் கிளாசுக்கு மேல படிப்பு இல்லண்ணே."

"படிச்சவனுக்கெல்லாம் வேலை இருக்கு. நீ ஒருத்தன்தான் சும்மா உக்காந்திருக்க. சங்கத்துக்கு வேண்டியது நேரம்லா, படிப்பு என்ன படிப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலைவரானேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் கிராணி பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதியிருந்தார்: 'தலைவர் எந்தப் பக்கமும் சேரக் கூடாது.' எழுத்துக் கூட்டாமல் நான் படிக்க முடிந்தது அந்த ஒரு வரிதான். அதனால் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மடக்குத் தண்ணீர்

பேசத் தெரியாதவர்களைப் பேச வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

அய்யாவு தாடைக்குச் சோப்புத் தடவிவிட்டுப் பேச ஆரம்பித்தால், ராஜாங்க விஷயத்திலிருந்து கருவாட்டு விலை வரைக்கும் ஓடும். அதே மனிதரை எழுந்து நின்று பேசச் சொன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாம் வாரம், "அண்ணே, கத்தியக் கையில எடுத்துக்குங்க" என்றேன். மடக்கிய சவரக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு கொட்டியது. முன் வரிசையில் இருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேசுகிறவன் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? எடுத்துக் கொடுத்தால் அவனுக்கு வெட்கம். சும்மா இருந்தால் அதைவிட வெட்கம். அதற்கும் ஒரு வழி செய்தேன். எல்லார் முன்னாலும் ஒரு குவளை தண்ணீர் இருக்கும். ஒருவன் தடுமாறி நின்றால், நான் என் குவளையைத் தூக்குவேன். உடனே எல்லாரும் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். பேசுகிறவனும் குடிப்பான். அப்போது பார்த்தால் அவன் நின்றதாகத் தெரியாது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்ததாகத் தெரியும்.

சலவைக்காரர் முதல் நாள் பேசியபோது நாங்கள் இரண்டு பானைத் தண்ணீரைத் தீர்த்தோம். ஆறு மாதத்தில் அவர் எங்களுக்கு ஒரு சொட்டுக்கும் வழி விடாமல் அரை மணி பேசினார். "தொண்டை காயுது, யாராச்சும் மறந்து நில்லுங்கப்பா" என்று அய்யாவு கெஞ்சுவார்.

பாலைக் கொண்டுவந்து தேநீர் போட்டுக் கொடுக்கிற செல்லாயி பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்பாள். பெண்கள் சங்கத்தில் சேரும் வழக்கம் அப்போது கிடையாது. ஆனால் யார் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த வார்த்தையை விழுங்கினார்கள் என்று அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

தைலம் விற்ற காலம்

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒரு முறை. அதைக் கற்றுக்கொண்டது கிள்ளான் பாசாரில், சந்தைக் கூட்டத்தில்.

அம்பாங்குக்குப் போவதற்கு முன்னால் சில மாதம் ஒரு வைத்தியரோடு சுற்றினேன். வைத்தியர் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். வழுக்கையில் முடி முளைக்கும் தைலம் விற்பார். நான் மரப்பெட்டி மேல் ஏறி நின்று கூவ வேண்டும். அந்தத் தைலத்தால் ஒரு முடியும் முளைக்காது என்பது எனக்குத் தெரியும். வைத்தியருடைய தலையே அதற்குச் சாட்சி, அதனால் அவர் தலைப்பாகையை அவிழ்ப்பதில்லை. இருந்தும் நான் கூவினால் கூட்டம் நிற்கும். சொற்கள் தானாக வரும்.

ஒரு நாள் வைத்தியர் எனக்குச் சோறு போடாமல் விட்டார். எனக்கு உண்மையிலேயே பசி. "ஐயா, பசிக்குது" என்று சொல்ல வாய் வரவில்லை. மாலைவரை அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குப் புரிந்தது. நாம் நம்பாததைப் பேசுவது சுலபம். சொன்னது தவறிப்போனாலும் நமக்கு நஷ்டமில்லை. நம்முடையதைப் பேசத்தான் நாக்குக் கூசும்.

அதையே சங்கத்தில் விதியாக்கினேன். யாருக்கு எது பிடிக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் கொடுப்பேன். கள்ளுக்கடைக்குப் போகிறவர் கள் கூடாது என்று பேசுவார். கடையை எட்டிப் பார்க்காதவர் கள் நல்லது என்று பேசுவார். பயம் போய்விடும். சொன்னது தன் சொந்த வார்த்தை இல்லையே, யார் சிரித்தால் என்ன?

இந்த முறையால் எங்கள் ஆட்கள் நன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். பேர் கிள்ளான் வரைக்கும் போயிற்று. நான் கொஞ்சம் கர்வமாக நடந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மருதுவுக்குக் கொடுத்த பக்கம்

கித்தா விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. ரயிலிலும் பாதிப் பேரை நிறுத்தினார்கள். மருது வேலை செய்த கூட்டத்தில் மிஞ்சியவர்களுக்கு ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் இல்லை. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு இலவசமாகக் கப்பல் சீட்டு என்று அறிவித்தார்கள். லயத்தில் எந்த வாசலில் நின்றாலும் ஒரே பேச்சு: போகலாமா, இருக்கலாமா?

மருதுவுக்குச் சந்தேகமே இல்லை. "நான் எங்கயும் போவல. இந்தத் தண்டவாளத்துல பாதி நான் போட்டது. இங்கயே கெடக்குறேன்." செல்லாயியின் மாடுகள் இருந்தன. அரை வயிறு நிரம்பியது.

அந்தச் சமயத்தில் கிள்ளான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சொற்போர் வைக்கிறோம், வாருங்கள் என்று. தலைப்பு: 'ஊர் திரும்புவதா, இங்கேயே தங்குவதா?' தங்குவது என்ற பக்கத்துக்கு அவர்கள் ஆள். திரும்புவது என்ற பக்கத்துக்கு எங்கள் ஆள்.

எங்களில் போக வேண்டும் என்று துடித்தவர்கள் மூன்று பேர். அவர்களை நான் நினைத்தே பார்க்கவில்லை. விதி என்றால் விதி. போக விருப்பமே இல்லாதவன் மருது. அவன் பேரை எழுதினேன்.

"எனக்கு என்னடா தெரியும் ஊரப் பத்தி? பதினேழு வயசுல வந்தவன்" என்றான்.

"நான் கேக்குறேன். நீ சொல்லு. அதுவே பேச்சாயிடும்."

வேலையில்லாத வாரத்தில், பாதையோரம் குவித்திருந்த பழைய சிலிப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்து கேட்டேன். அவன் ஊர் உப்பளத்துப் பக்கம். வீட்டைப் பற்றிக் கேட்டேன், ஒன்றும் பெரிதாக வரவில்லை. தண்ணீரும் உப்பு, மண்ணும் உப்பு என்று முடித்துவிட்டான். கடைசியில், "கெளம்புன அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

கட்டையை நகத்தால் கீறினான். பிறகு சொன்னான். அவனுக்கு ஒரு தம்பி. பத்து வயது. மருது கப்பலுக்குப் போட்டுப்போக வைத்திருந்த சட்டையை அந்தப் பையன் போட்டுக்கொண்டு உப்பளத்தில் புரண்டுவிட்டான். மருதுவுக்கு ஆத்திரம். முகத்தில் அறைந்தான். முன்பல் ஒன்று உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். அதோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். தம்பி தெருமுனை வரை பின்னால் வந்தான். இவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுதான்டா பேச்சு" என்றேன் நான். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நல்ல சரக்கு கிடைத்த வியாபாரியின் சந்தோஷம். "இத அப்படியே சொல்லு. சட்டையில ஆரம்பி."

தினமும் சொல்ல வைத்தேன். சட்டைக்கு என்ன நிறம், பல் எந்தப் பக்கத்துப் பல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாக வந்தது.

செல்லாயி கேட்டது

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், நான் கொட்டகையில் புல் போட்டுக்கொண்டிருந்தபோது செல்லாயி வந்து நின்றாள். கையில் பால் செம்பு.

"பசியாறியாச்சா அண்ணே?"

"ஆச்சும்மா."

"அந்தப் பேச்ச வேற யாருக்காச்சும் குடுங்க."

"ஏன்?"

"தூக்கத்துல தம்பி பேரச் சொல்றாரு. கலியாணமாகி எட்டு வருசத்துல இவருக்குத் தம்பி இருக்குன்னே எனக்குத் தெரியாது. நேத்து கப்பல் எப்பப் பொறப்படும்னு அடுத்த வீட்டுல விசாரிச்சிருக்காரு."

"வெறும் பேச்சும்மா அது. பேசி முடிச்சா மறந்துடும். சங்கத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

"கள்ளு நல்லதுன்னு பேசுன மனுசன் இப்ப எங்க இருக்காருன்னு போய்ப் பாருங்க."

எனக்கு அது தெரியாது. பிறகு விசாரித்தேன். சாயங்காலமானால் கள்ளுக்கடையில்தான் இருந்தார்.

"நான் கடலே தாண்டுனதில்ல அண்ணே. அவருக்கு அது திரும்பிப் போறது. எனக்கு எது திரும்பிப் போறது? நீங்க சொன்னாக் கேப்பாரு. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். அவன் போய்விட்டால் இந்த நாட்டில் எனக்கென்று ஒருவரும் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.

"தலைவர் பக்கம் சேரக் கூடாதும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பால் திரிந்துபோனால் செம்புக்குள் எட்டிப் பார்ப்பாளே, அந்த மாதிரி ஒரு பார்வை. திரும்பிப் போய்விட்டாள்.

கிள்ளான் கூட்டம்

அரிசிக் கிட்டங்கி ஒன்றைக் கூட்டிப் பெருக்கி இடம் பிடித்திருந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. பெண்கள் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நின்றார்கள். தவிடு பறந்து எல்லாருக்கும் தும்மல்.

கிள்ளான் ஆள் முதலில் பேசினார். தோட்டத்துக் கிராணி. புள்ளிவிவரமெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நல்ல தமிழ். அவர் உட்கார்ந்தபோது கைதட்டல் மரியாதையாக இருந்தது.

மருது எழுந்தான். கையில் காகிதமில்லை.

"எனக்கு ஒரு சட்ட இருந்துச்சு" என்று ஆரம்பித்தான்.

நான் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த பேச்சு. ஆனால் அவன் அங்கே சொன்னது நான் கேட்டதில்லை. தெருமுனையில் தம்பி அழவில்லையாம். உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அண்ணனிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றானாம். இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருந்தான்.

கிட்டங்கியில் தும்மல்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மீசைக்காரர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த இருநூறு பேரும் யாரையோ ஒருவரைத் தெருமுனையில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே.

முடித்தான். அந்த ஊர் வழக்கப்படி, நடுவர் சபையைப் பார்த்து, "யாருக்கும் கேள்வி உண்டா?" என்றார்.

சுவரோரமிருந்து செல்லாயியின் குரல் வந்தது.

"உங்க ஊருல எனக்கு யாரு இருக்கா?"

சபை திரும்பியது. யார் இவள் என்று கிசுகிசுப்பு. மருது அவளைப் பார்த்தான்.

"நான் இருக்கேன்ல" என்றான்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பேச்சாளர்கள் எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதைப் பின்வாசலில் நின்றே கற்றுக்கொண்டவள்.

"இங்கயுந்தான் நீங்க இருக்கீங்க" என்றாள்.

சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில், பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும். மருது வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எங்கள் ஆட்கள் மற்ற ஒன்பது பேரும் பழக்கத்தில் முன்னால் கையை நீட்டினோம். அங்கே குவளை இல்லை. தண்ணீர் இல்லை. அவன் அப்படியே நின்றான்.

நடுவர் மணியடித்தார். பேச்சில் வென்றது மருது என்றார். துண்டைப் போர்த்தினார்கள்.

அந்த ரயில்

அதற்கு அப்புறம்தான் அந்த ரயில். எப்படிடா பேசுனேன் என்று அவன் கேட்டதும், நான் கையைப் பற்றிச் சொன்னதும்.

அவன் கேட்டது பேச்சைப் பற்றி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவன் ஒரு பக்கம், நாலு பலகை தள்ளி அவள் ஒரு பக்கம். நடுவில் பக்கம் சேராத நான். போகட்டுமா, இருக்கட்டுமா, நீ சொல்லடா என்பதுதான் கேள்வி. கையைக் குறைத்துக்கொள் என்றேன்.

மறு வாரம் அவன் கப்பலுக்குப் பேர் கொடுத்தான். ஒரே ஒரு ராத்திரி மட்டும் செல்லாயி வெள்ளச்சியிடம் பேசவில்லை.

போனது மருது மட்டும் இல்லை. அவன் பேச்சைக் கேட்ட எங்கள் சங்கத்தார் இன்னும் ஆறு பேர் தங்கள் பேரைக் கொடுத்தார்கள். நான் பேசக் கற்றுக்கொடுத்த சங்கம், ஒரே ஒரு நல்ல பேச்சில் பாதிக்கு மேல் கலைந்தது.

மாடுகளைச் செந்தூல் பக்கத்துப் பால்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். செல்லாயி அவருக்குச் சொன்னது: "சிவப்பி சாது. வெள்ளச்சிகிட்டப் பேசிகிட்டே கறக்கணும். இல்லன்னா ஒதைப்பா." அவர் பஞ்சாபிக்காரர். என்ன பேசுவது என்று கேட்டார். "என்னத்தையாச்சும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிள்ளான் துறைமுகத்துக்கு நானும் போனேன். கப்பலுக்குப் போகிறவர்களைத் தகரக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். மூட்டையோடு மூட்டையாக மனிதர்கள். எல்லார் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு.

"இப்பவாச்சும் சொல்லுடா" என்றான் மருது சிரித்துக்கொண்டே. "எந்தப் பக்கம் சரி?"

"தலைவர் பக்கம் சேரக் கூடாது" என்றேன், நானும் சிரித்துக்கொண்டு.

செல்லாயி சிரிக்கவில்லை. "உடம்பப் பாத்துக்குங்க அண்ணே. கால்ல புண்ண ஈரத்துல வைக்காதீங்க" என்றாள். வரிசை நகர்ந்தது.

உப்பளத்திலிருந்து ஒரு கடிதம்

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அய்யாவு கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மருது சொல்ல யாரோ எழுதியது. படித்துக் காட்டியது அய்யாவு. நான் இரண்டாம் தடவை எழுத்துக் கூட்டி நானே படித்தேன்.

தம்பியைப் பார்த்தானாம். வண்டி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். முன்பல் உடைந்தபடியேதான் இருக்கிறது. ஆனால் அண்ணன் அடித்தது தம்பிக்கு ஞாபகமே இல்லை. மாங்காய் மரத்திலிருந்து விழுந்ததில் பல் போயிற்று என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். 'நான்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. நான் இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் சாமிக்கண்ணு' என்று எழுதியிருந்தான்.

கீழே இன்னும் கொஞ்சம்:

'இங்கே நான் தினமும் மற்றப் பக்கத்தைப் பேசிக்கொண்டிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் மழை எப்படிப் பெய்யும் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. மலாய்க்காரன் என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். செல்லாயி எழுதச் சொன்னது: அண்ணே, இப்ப இவரு என் பக்கம் பேசுறாரு. நான் ஜெயிச்சுட்டேன். அதக் கேக்கத்தான் இங்க சபை இல்ல.'

அன்றைக்கே பதில் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன், பிழையோடு. தலைவன், நோட்டு, விதி எதுவும் அதில் இல்லை. 'நீ போயிருக்கக் கூடாது. நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.' அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் ஒரு பக்கம் சேர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. தபாலில் போட்டுவிட்டு வந்து ஒரு குவளை தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். சலவைக்காரருக்கு முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குள், இந்த நாட்டில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஆயிரம் கட்டுப்பாடு வந்துவிட்டது. நினைத்தவுடன் வர முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். அடுத்ததும் வந்தது. சங்கத்தில் மூன்று பேர்தான் மிச்சம். ஒருவர் பேசினால் இரண்டு பேர் கேட்க வேண்டும். அது பேச்சு மாதிரி இல்லை, வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது. நோட்டை அய்யாவு கையில் கொடுத்தேன். கால் புண் ஆறியிருந்தது. பகாங் பக்கம் சடக்கு, அதாவது ரோடு, போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டேன். ஓர் இடத்தில் காத்திருக்கிற குணம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் எத்தனையோ இடம், எத்தனையோ வேலை. கோலாலம்பூர் வழியாகப் போக நேர்ந்தால் மட்டும் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிவிடுவேன். அய்யாவுக்கு வயதாகிவிட்டது. என்னைக் கண்டதும், கடிதம் ஏதும் இல்லை என்று தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவார்.

நான் கடிதத்தைப் பற்றிக் கேட்பதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, "மருது வந்தானா?" என்றுதான் கேட்பேன்.